ஐந்து ஊரில் சொன்ன சாட்சி

அது சிம்பல், அண்ணாச்சி. டிரம்ஸ்ல மேல தொங்கும்லா, அந்தத் தட்டு. உங்க முழங்கால்ல இடிக்குதா? இந்தப் பக்கம் சாய்ச்சுக்கிறேன். மேல லக்கேஜ் போடுற இடத்துல வச்சா எவனாவது அரிசி மூட்டையைத் தூக்கி அதுமேல வச்சிருவான். ஒரு தடவை வளைஞ்சா வளைஞ்சதுதான்.

நான் கோவில்பட்டி. பேரு சூசைமாணிக்கம். கச்சேரி வட்டாரத்துல மாணிக்கம்னு கேட்டாத்தான் தெரியும். இருபத்திரெண்டு வருஷமா டிரம்ஸ் வாசிக்கேன். மெல்லிசைக் கச்சேரி, கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன், எல்லாம். இப்பவும் மே மாசம்னா மூச்சுவிட நேரம் கிடையாது. இந்த வருஷம் நானாத்தான் ஒண்ணும் ஒத்துக்கல. இப்ப எல்லாப் பயலும் கம்ப்யூட்டர்ல தாளத்தைப் போட்டுட்டு மைக்கை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கான். அவன்கூட நான் எதுக்குப் போகணும்?

அப்பத்தான் கிப்ட்சன் தம்பி வீட்டுக்கு வந்தாரு. பாஸ்டர் மகன். முப்பது வயசு இருக்கும், கிடார் வாசிப்பாரு, நல்ல குரல். அவுக சபையில பனித்துளி ஆராதனைக் குழுன்னு ஒண்ணு வச்சிருக்காக. வருஷா வருஷம் மே மாசம் ஒரு வேனைப் பிடிச்சு ஊர் ஊராப் போவாக. ஒரு ஊர்ல ஒரு சாயங்காலம் பாட்டு, ஜெபம், மறுநாள் அடுத்த ஊரு. பன்னெண்டு நாளு, ஒம்பது ஊரு, நடுவுல மூணு நாளு ஓய்வு. அவுக டிரம்மர் பைக்ல விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டான். "அண்ணே, நீங்க வந்தாத்தான் இந்தப் பயணமே நடக்கும்"னு கெஞ்சினாரு. கெஞ்சினாருன்னா, ரெண்டு தடவை கேட்டாரு.

நாங்க ஆர்.சி., கத்தோலிக்கம். ஆர்.சி.ன்னு பேருதான், நான் கோயிலுக்குப் போயி பல வருஷம் ஆச்சு. அவுக கூட்டமெல்லாம் கையைத் தூக்கி, கண்ணீர்விட்டு, அது வேற மாதிரி. நமக்கு ஒத்துவராதுன்னுதான் நினைச்சேன். அவரு போற ஊரெல்லாம் அச்சடிச்சு ஒரு தாள் கொடுத்தாரு. நான் சரியாக் கூடப் பார்க்கல. வாறேன் தம்பின்னுட்டேன். வத்தலக்குண்டு அதுல ஆறாவதா இருந்ததெல்லாம் நான் கவனிக்கவே இல்ல.

வேன்ல ஏழு பேரு. கிப்ட்சன் தம்பி, அவரு சம்சாரம் ஷைனி, அதுவும் பாடும். கீபோர்டு வாசிக்க அற்புதம்னு ஒரு சாரு. மத்தவுக பாடுறவுக, பேஸ் கிடார், சவுண்டு பார்க்கிறவரு. நான் பின் சீட்டு. ஸ்பீக்கர் பெட்டிக்கும் கிக் டிரம்முக்கும் நடுவுல. யாரும் என்னை அங்க உட்காரச் சொல்லல, பாருங்க. மத்த சீட்டெல்லாம் ஜோடி ஜோடியா நிறைஞ்சுபோச்சு.

காலையில வேன் கிளம்புமுன்ன ஆளுக்கு ஒரு ஜெபம் சொல்லணும். ஒவ்வொருத்தரா வந்து கடைசியில என்கிட்ட நிக்கும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் இஞ்சின் சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் ஷைனி "ஆமென்"னு முடிச்சுவைக்கும். நல்ல பிள்ளை அது. சாப்பாடு பரிமாறும்போது எனக்கு ஒரு கரண்டி கூட வைக்கும். ஆனா பேச்சுன்னு ஒண்ணு வராது. ஊர்ல அவுக சபைக்காரங்க கதை, யாரு வீட்ல குழந்தை, யாருக்கு வேலை கிடைச்சுது, அதுதான் பேச்சு. நடுவுல நான் என்ன சொல்ல? வெளியில பார்த்துக்கிட்டு வருவேன். கரிசல் முடிஞ்சு எப்பம் செம்மண்ணு வருதுன்னு பார்ப்பேன்.

குடி? கேக்கலாம், கேளுங்க. வேன்ல ஏறின நாள்லருந்து ஒரு சொட்டு கிடையாது. முத ரெண்டு நாளு கை நடுங்குச்சு. சாத்தூர்ல ஒரு பாட்டுல கிப்ட்சன் தம்பி ரோல் வாசிக்கச் சொன்னாரு, ஸ்டிக்கைக் கடகடன்னு உருட்டுறது, கை தானா வாசிச்சுது.

சாத்தூர்ல கூட்டம் முடிஞ்சதும் ஒரு ஸ்கூல் வராந்தாவுல சாப்பாடு. சாப்பிட்டதும் எல்லாரும் போனை எடுத்துக்கிட்டு ஆளுக்கு ஒரு தூண் பக்கம் போயிட்டாக. அம்மாகிட்ட, வீட்டுக்காரிகிட்ட, பிள்ளைககிட்ட. அற்புதம் சாரு பேரப்பிள்ளைகிட்ட பூனை மாதிரி கத்திக் காட்டுறாரு. நான் ஒருத்தன் மட்டும் இலைக்கு முன்னால உட்கார்ந்திருக்கேன். பார்க்க ஒரு மாதிரி இருக்கும்லா? நானும் போனை எடுத்துக் காதுல வச்சேன். "ஆமா, இங்க வெயிலு அதிகம். இல்ல, நல்லாத்தான் இருக்காக எல்லாரும். நீ கதவைப் பூட்டிக்கிட்டுப் படு"ன்னேன். அந்தப் பக்கம் யாரும் கிடையாது. சும்மா.

திரும்பினா கிப்ட்சன் தம்பி நிக்காரு. "மதினியா அண்ணே? எப்படி இருக்காக?"

"நல்லா இருக்கா"ன்னேன்.

நீங்களே சொல்லுங்க, அந்த இடத்துல வேற என்ன சொல்ல முடியும்? அவ என்னைவிட்டுப் போயி அஞ்சு வருஷம் ஆச்சு தம்பின்னு, கையில எச்சி இலையோட சொல்ல முடியுமா?

அப்புறம் அவரு விடல. எப்படிக் கல்யாணம், என்ன ஏதுன்னு கேட்டாரு. கச்சேரிக்காரங்க நிறையக் குடிப்பாகளேன்னாரு. நானும் குடிச்சவன்தான், விட்டுட்டேன்னு சொன்னேன். எப்ப விட்டீகன்னாரு. மூணு வருஷம்னு வாயில வந்துச்சு. மதினி ரொம்பப் பாடுபட்டிருப்பாகளேன்னாரு. ஆமா தம்பி, கோவிச்சுக்கிட்டுப் போனா, குடியை விட்டதும் திரும்பி வந்துட்டான்னேன். அந்தத் தம்பி கண்ணுல தண்ணி. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அண்ணாச்சி, என் கையை ஒரு மனுசன் பிடிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு எனக்கே தெரியல.

மறுநாள் ராஜபாளையம். நாலு பாட்டு முடிஞ்சதும், "நம்ம மாணிக்கம் அண்ணன் ஒரு சாட்சி சொல்லுவாக"ன்னுட்டாரு மைக்குல. சாட்சின்னா தெரியும்லா, ஆண்டவரு நம்ம வாழ்க்கையில என்ன செஞ்சாருன்னு சபைக்கு முன்னால சொல்றது. ஸ்டிக்கைக் கீழ வச்சுட்டு எழுந்திரிச்சேன். முந்தின நாளு சொன்னதையே சொன்னேன். மூணு நிமிசம்தான். முடிச்சதும் அத்தனை பேரும் கை தட்டினாக. இருபத்திரெண்டு வருஷமா டிரம்ஸுக்குப் பின்னால உட்கார்ந்தவன் நான். பாடுறவனுக்குத்தான் கைத்தட்டு. எனக்குன்னு அன்னைக்குத்தான் தட்டினாக.

அதுக்குப் பிறகு வேன்ல எனக்கு நடு சீட்டு. ஷைனி "அண்ணே, மதினிக்கு என்ன சமையல் பிடிக்கும்"னு கேட்கும். அற்புதம் சாரு மிட்டாய் கொடுப்பாரு. காலை ஜெபத்துல என் பேரையும் அவ பேரையும் சொல்லுவாக. ரெஜினா. என் வாயால அவ பேரைச் சொல்லி அஞ்சு வருஷம் ஆச்சு, அந்த வேனுக்குள்ள எல்லாரும் சொல்லுறாக.

அடுத்த ஊர்லயும் அதையே சொன்னேன். அதுக்கடுத்து உசிலம்பட்டியில இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அவ காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு எனக்காக ஜெபம் பண்ணுதான்னு. தேனியில, இந்தச் சட்டையைக்கூட அவதான் இஸ்திரி போட்டுப் பையில வச்சான்னு. பொய் சொல்லணும்னு சொல்லல. மைக்கைப் பிடிச்சதும் முன்னால இருக்கிற பொம்பளைக முகம் அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கேக்கும். அதுக்கேத்த மாதிரி வந்துருது.

உசிலம்பட்டியில ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்லணும். கூட்டம் முடிஞ்சு வயரைச் சுத்திக்கிட்டு இருக்கேன், ஒரு பொம்பளை அவ புருசனை இழுத்துக்கிட்டு வந்தா. ஆளு பாண்டின்னு பேரு, லாரிப் பட்டறையில வேலை. குடிச்சிருக்கான், நிக்க முடியல. அவன் கையைத் தூக்கி என் கையில வச்சா. "அண்ணே, இவருக்காக நீங்க ஜெபம் பண்ணுங்க. நீங்க பட்டவரு"ன்னா. எனக்கு ஜெபம் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். அவன் கேட்டான், "அண்ணே, நிசமாவே விட முடியுமா? நீங்க விட்டு எத்தனை நாளாச்சு?"

அன்னைக்கு எனக்கு நாலாவது நாளு.

"மூணு வருஷம் ஆச்சு தம்பி. முடியும்"னேன். அவன் என் கையை விடவே இல்ல.

கிப்ட்சன் தம்பி என் போட்டோவைப் பிடிச்சு, "மாணிக்கம் அண்ணனின் சாட்சி"ன்னு போட்டு, போற ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு. என்கிட்டக் கேட்கல. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன், நிச்சயமா. வத்தலக்குண்டு வருதுன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அந்த ஊருக்குப் போற அன்னைக்குக் காலையில சலூனுக்குப் போயி ஷேவிங் பண்ணி, முடிக்கு டை அடிச்சேன். அது எப்பவும் பண்றதுதான்.

ரெஜினா ஊரு வத்தலக்குண்டு, அண்ணாச்சி. அவ அண்ணன் சேசுராஜ் அங்க ஜெராக்ஸ் கடை வச்சிருக்கான். அவன் வீட்டு மாடியில ஒரு ரூம்ல இருக்கா. ஒரு நர்சரி ஸ்கூல்ல பிள்ளைகளைப் பார்த்துக்கிடுற வேலை.

கல்யாண மண்டபத்துலதான் கூட்டம். ரெண்டாவது பாட்டுல தலை நிமிர்ந்தா, மூணாவது வரிசையில ஓரத்துல உட்கார்ந்திருக்கா. பச்சைப் புடவை. உடம்பு கொஞ்சம் வச்சிருக்கு. முகத்தை ஒரு பக்கமாத் திருப்பி, வேற எங்கேயோ பேசுறதைக் கேக்குற மாதிரி உட்கார்ந்திருந்தா. அவளுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அதனால வலது காதை முன்னால நீட்டித்தான் கேட்பா. பிறவியிலேயே லேசா இருந்திருக்கும்னு நினைக்கேன். பிறகு கூடிப்போச்சு.

எனக்குத் தாளம் தப்புச்சு. அற்புதம் சாரு திரும்பிப் பார்த்தாரு. வயித்து வலின்னு சொல்லிட்டு எழுந்து போயிருக்கலாம். சாட்சி வேண்டாம் தம்பி, தொண்டை சரியில்லன்னு சொல்லியிருக்கலாம். ஆனா அவரு கூப்பிட்டாரு, நான் போயி மைக்கைப் பிடிச்சேன்.

அதுவரைக்கும் எந்த ஊர்லயும் சொல்லாத மாதிரி அன்னைக்குச் சொன்னேன். அவ திரும்பி வந்த அன்னைக்கு மழை பேஞ்சதாச் சொன்னேன். அவ நனைஞ்சுபோயி வாசல்ல நின்னதாவும், நான் துண்டு கொண்டுவந்து கொடுத்ததாவும் சொன்னேன். "இப்பவும் எனக்காக வீட்ல காத்துக்கிட்டு இருக்கா"ன்னேன். அவளைப் பார்த்துத்தான் சொன்னேன். அவளுக்குத்தான் சொன்னேன்னு வச்சுக்கோங்களேன். சனம் அழுதுச்சு. அவ அழல. எந்திரிச்சும் போகல. வலது காதை நீட்டி ஒரு வார்த்தை விடாமக் கேட்டா.

முடிஞ்சதும் வாசல்ல செருப்பு கிடக்கிற இடத்துல நின்னா. நானும் போனேன்.

"நல்லா வாசிச்சீங்க"ன்னா.

"எப்படி இருக்க?"

"இருக்கேன்."

"அண்ணன் நல்லா இருக்கானா?"

"இருக்காரு."

"இந்தப் போட்டோ பார்த்துத்தான் வந்தியா?"

"பக்கத்து வீட்டு அக்கா காட்டினாக. உங்களை மாதிரியே இருக்குன்னாக."

அந்நேரம் பார்த்து கிப்ட்சன் தம்பி வந்துட்டாரு. "அண்ணே, இந்த சிஸ்டர் யாரு? தெரிஞ்சவுகளா?"

நான் குனிஞ்சு என் செருப்பைத் தேடினேன். அவதான் சொன்னா. "நான் இந்த ஊருதான். இவுக சாட்சி கேக்க வந்தேன்."

"ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்களுக்கு எதுவும் ஜெபக் குறிப்பு இருக்கா? சொல்லுங்க, ஜெபிக்கலாம்."

அவ என்னைப் பார்த்தா. அப்புறம், "இவுக வீட்டுக்காரம்மாவுக்காக ஜெபம் பண்ணுங்க"ன்னா.

அந்தத் தம்பிக்கு அப்படி ஒரு சந்தோசம். அங்கேயே நின்னு, செருப்புக்கு நடுவுல, கையைத் தூக்கிட்டாரு. "ஆண்டவரே, எங்க ரெஜினா மதினிக்காக ஸ்தோத்திரம். அவுக கண்ணீரைத் துடைச்சீரே. அவுகளை இந்த அண்ணன்கிட்டத் திரும்பக் கொண்டுவந்தீரே. அவுக வீட்ல சமாதானத்தைக் கொடுத்தீரே"ன்னு நீளமா ஜெபிக்காரு. நான் பாதியில கண்ணைத் திறந்து பார்த்தேன். அவ கண்ணை மூடவே இல்ல. என்னைத்தான் பார்த்துக்கிட்டு நின்னா. கோபமா இருந்தாத் தாங்கிக்கிடலாம் அண்ணாச்சி. அதுல கோபம் இல்ல. ஜன்னல் வழியா ஒரு வீட்டுக்குள்ள பார்ப்போம்லா, நம்ம வீடு இல்ல, வேற யாரு வீடோ, அப்படிப் பார்த்தா.

ஜெபம் முடிஞ்சதும் ஆமென்னு சொன்னா. சிலுவை போட்டுக்கிட்டா. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

மறுநாள் ஓய்வு நாளு. ஒட்டன்சத்திரத்துல ஒரு சபை வீட்ல தங்கினோம். எனக்குச் சோறு இறங்கல. ஷைனி, "அண்ணே, மதினியைத் தேடுதா?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். அதுவரைக்கும் அந்தப் பயணத்துல நான் சொன்ன உண்மை அது ஒண்ணுதான்.

அதுக்கு மறுநாள், நேத்து, தாராபுரம். சபை நிறைய ஆளு. நூத்தம்பது பேரு இருக்கும். கூப்பிட்டாரு. போனேன். "நான் குடிகாரனா இருந்தேன்"னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல வழக்கமா வர்றது வரல.

உள்ளதைச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. "நான் குடியை விட்டு மூணு வருஷம் ஆகல, ஒம்பது நாள்தான் ஆச்சு. என் பெண்டாட்டி திரும்பி வரல. அஞ்சு வருஷமா நான் தனியாத்தான் இருக்கேன். ஒரு பொங்கல் அன்னைக்குக் குடிச்சிட்டு வந்து அவளை அறைஞ்சேன். காதுல ரத்தம் வந்துச்சு. அதுக்குப் பிறகு அந்தக் காது கேக்கல. அவ போயிட்டா. அஞ்சு ஊர்ல பொய் சொல்லியிருக்கேன். முந்தாநாளு அவ முன்னாலயே சொன்னேன்"னு சொன்னேன்.

எல்லாத்தையும் சொல்லிட்டேன். எல்லாத்தையும்னா, அந்தப் பொங்கலைச் சொன்னேன். அதுக்கு முந்தின தடவைகளையும், இஸ்திரிப்பெட்டியால அவளைச் சுட்டதையும் சபையில சொல்ல முடியுமா? பொம்பளைப் பிள்ளைக இருக்கிற இடம்.

யாரும் கை தட்டல. ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது. பின்னால ஒரு கைப்பிள்ளை அழுதுச்சு, தூக்கிக்கிட்டு வெளியில போனாக. கிப்ட்சன் தம்பி முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிட்டு. அற்புதம் சாருக்குக் கண்ணைக் காட்டினாரு. கீபோர்டு ஆரம்பிச்சுது, பாட்டு எடுத்துட்டாக. நான் திரும்பி டிரம்ஸுக்குப் போயி உட்கார்ந்து ஸ்டிக்கை எடுத்தேன். அவரு பாடிக்கிட்டே என்னைப் பார்த்து வேண்டாம்னு தலையை ஆட்டினாரு. லேசா. வேற யாரும் பார்த்திருக்க மாட்டாக.

தாளத்துக்குக் கையைத் தட்டித்தான் பாடி முடிச்சாக. நாலு பாட்டு. ஸ்டிக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு அத்தனை பேருக்கு முன்னால சும்மா உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போகவும் முடியல.

கூட்டம் முடிஞ்சதும் அந்தத் தம்பி வேனுக்குப் பக்கத்துல கூட்டிக்கிட்டுப் போனாரு. சத்தம் போடல. சத்தம் போடுற ஆளு இல்ல. "பிரதர்"னாரு. அதுவரைக்கும் அண்ணேதான். "பிரதர், வத்தலக்குண்டுல செருப்புக்கிட்ட நின்னாகளே, அவுகதானா?"

"ஆமா தம்பி."

"அவுக முன்னால நின்னா நான் அப்படி ஜெபிச்சேன்?"

ஆமான்னு தலையை ஆட்டினேன்.

"உசிலம்பட்டி பாண்டி தினமும் காலையில எனக்குப் போன் பண்றாரு பிரதர். அஞ்சு நாளாக் குடிக்கலையாம். மாணிக்கம் அண்ணன்கிட்டச் சொல்லுங்கங்காரு. நாளைக்குப் பண்ணுவாரு. நான் என்ன சொல்ல?"

"நான் பேசுறேன் தம்பி, நம்பரைத் தாங்க"ன்னேன்.

"வேண்டாம் பிரதர்"னாரு. அந்தத் தம்பி அழுதுட்டாரு.

இன்னைக்குக் காலையில என்னைத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல விட்டாக. இன்னும் காங்கேயம் இருக்கு, ஈரோடு இருக்கு. டிரம்ஸ் அவுகளோடது, இந்தத் தட்டு மட்டும்தான் என்னது. வாசிக்க ஆள் இல்லாமலே போறாகளாம். ஷைனி ஒரு பன் பாக்கெட்டும் தண்ணி பாட்டிலும் கொடுத்துச்சு. முகத்தைப் பார்க்கல. அற்புதம் சாரு வேனை விட்டு இறங்கல.

எனக்கு அதுதான் விளங்கல, அண்ணாச்சி. அஞ்சு ஊர்ல பொய் சொன்னேன், கை தட்டினாக, கட்டிப்பிடிச்சாக, நடு சீட்டு கொடுத்தாக. ஒரு ஊர்ல உண்மையைச் சொன்னேன், பஸ் ஏத்தி விட்டுட்டாக. இது நியாயமா? இல்ல, அவுக மேல தப்புன்னு சொல்ல வரல. இருந்தாலும், நீங்களே யோசிச்சுப் பாருங்க.

பஸ் ஸ்டாண்டுல வண்டி வர அரை மணி நேரம் இருந்துச்சு. சேசுராஜ் கடை நம்பர் என்கிட்ட உண்டு. அடிச்சேன். என் குரலைக் கேட்டதும் வச்சிருவான்னுதான் நினைச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவ வந்தா. லீவு விட்டிருக்கிறதால கடையில உட்கார்ந்திருக்கா போல.

"சொல்லுங்க."

"ரெஜினா, நான் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சபைக்கு முன்னால சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதை. உன்னை அடிச்சது, நீ போனது, காது. நூத்தம்பது பேருக்கு முன்னால, மைக்குல சொன்னேன்."

"எந்த ஊர்ல?"

"தாராபுரத்துல."

பின்னால ஜெராக்ஸ் மிஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சொன்னா, "எனக்குத் தாராபுரத்துல யாரையும் தெரியாதே."

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு வைக்கல, அண்ணாச்சி. அதுதான். வச்சிருந்தா வேற. லைன்லயே இருந்தா. மூச்சு கேக்குது. நான் எதையோ சொல்லுவேன்னு நிக்கா. எனக்கும் தெரியுது நிக்கான்னு. எந்தக் காதுல போனை வச்சிருப்பான்னு தெரியும் எனக்கு. வாயைத் திறந்தேன்.

"அங்க மழை உண்டா?"ன்னு கேட்டேன்.

"இல்ல"ன்னா. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா. அப்புறம் வச்சிட்டா.

உங்களுக்குக் கதையா இருக்கு, என்ன? ஒட்டன்சத்திரம் தாண்டினதுலருந்து பேசிக்கிட்டே வாறேன். உங்ககிட்ட எல்லாம் தங்குதடையில்லாம வந்துச்சு பாருங்க. இஸ்திரிப்பெட்டியைக்கூடச் சொல்லிட்டேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது.

திண்டுக்கல் வந்துட்டு. பாலம் தெரியுது. இங்கருந்து வத்தலக்குண்டுக்கு ஒரு மணி நேரம்தான். பத்து நிமிசத்துக்கு ஒரு வண்டி. ரெண்டு மணிக்குள்ள போயி அந்தக் கடை வாசல்ல நின்னுரலாம். சேசுராஜ் என்ன, வெட்டவா போறான்? அவ வெளிய வருவா. வந்து நிப்பா. போன்ல நின்னாளே, அந்த மாதிரி நிப்பா.

நீங்க இங்கதான் இறங்கணுமா? இறங்குங்க, இறங்குங்க, வண்டி ரொம்ப நேரம் நிக்காது. கம்பியைப் பிடிச்சுக்கோங்க.

நானா? இல்ல. நான் மதுரைக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்.